மாமாங்கத்து ராட்டினம்

ஆடி பிறந்ததும் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஆண்டு தவறாமல் ஒரு வகைக் கடிதம் வரும். முப்பது ஆண்டுகளாகச் செய்திப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். பிதிர்க்கடன் செலுத்தும் புனித நாளில், ஆலயச் சூழலில் ராட்டினமும் மரணக் கிணறும் ஒலிபெருக்கிக் கூச்சலும் எதற்கு? இறந்தவர்களை நினைக்க வந்த இடத்தில் களியாட்டம் தகுமா? சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா? கையெழுத்தும் ஊரும் மாறும், கேள்வி மாறாது.

இக்கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு ஒரு பதிலும் உண்டு. அந்தப் பதிலை நான் நூல்களில் கண்டதில்லை. 2024ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று, எண்பது வயதைக் கடந்த என் மாமி ஒருவரிடமிருந்து பெற்றேன்.

மட்டக்களப்பைச் சேராத வாசகர்களுக்காக முதலில் சிறு விளக்கம்.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, முகத்துவாரம் நோக்கிச் செல்லும் பக்கத்தில் இருக்கிறது அமிர்தகழி. அங்குள்ள கோயிலுக்கு மாமாங்கேஸ்வரர் ஆலயம் என்று பெயர். ஊர் மக்கள் வாயில் அது மாமாங்கப் பிள்ளையார் கோயில். அதையும் சுருக்கி வெறும் ‘மாமாங்கம்’. இலங்கைக்கு வந்த இராமன் இங்கே இலிங்கம் அமைத்து வழிபட்டான் என்பது ஐதீகம். கோயிலுக்கு அருகில் உள்ள தீர்த்தக் குளத்தோடு அனுமனையும் தொடர்புபடுத்திக் கதை சொல்வார்கள். ஆடி மாதத்தில் கொடியேறி, ஆடி அமாவாசையன்று தீர்த்தத்தோடு திருவிழா நிறைவு பெறும். அன்று இக்குளத்தில் நீராடினால் இறந்துபோன உறவினர்களின் ஆன்மா நற்கதி அடையும் என்பது கிழக்கிலங்கை மக்களின் நெடுங்கால நம்பிக்கை.

நமது வழக்கில் சித்திரா பௌர்ணமி தாய்க்கு. ஆடி அமாவாசை தந்தைக்கு. அன்று காத்தோட்டிக்காயைச் சந்தையில் தேடித் திரிந்து வாங்குவார்கள். எள்ளும் நீரும் இறைத்து, விரதச் சோறு சமைத்து, காகத்துக்கு வைத்த பிறகே வீட்டார் உண்பார்கள். இது ஒரு முகம். மாமாங்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கச்சான் கடைகளும் காப்புக் கடைகளும் தொதல், அலுவாக் கடைகளும் விரியும். வெளியே திறந்த நிலத்தில் ராட்டினங்கள் எழும். குளத்தில் மூழ்கிய ஈரத் தலையோடு வரும் பிள்ளை, தலை காயுமுன் குதிரை ராட்டினத்தில் ஏறியிருக்கும். படுவான்கரைப் பிள்ளைகளாகிய எங்களுக்குக் கேளிக்கைப் பூங்கா என்று வாழ்க்கையில் இருந்தது அது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை முளைத்துப் பத்து நாளில் மறைந்துவிடும் பூங்கா.

இவ்வளவும் எழுதக் காரணமானவள் என் மருமகள், தங்கையின் மகள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், பல்கலைக்கழக மாணவி. 2024 ஆடியில் விடுமுறைக்கு வந்திருந்தபோது மாமாங்கத் திருவிழாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். புறப்படும் முன் என்ன நடக்கும் என்று கேட்டறிந்தாள். இறந்தவர்களுக்கான நாள், அதே நாளில் ராட்டினம், பயமுறுத்தும் காட்சிகள், இனிப்பு என்று நான் சொன்னதும், “மாமா, இது எங்கட ஹலோவீன் மாதிரியெல்லோ?” என்றாள்.

அவள் அதை அறியாமல் சொல்லவில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே, 1981இல் திறக்கப்பட்ட ‘கனடாஸ் வொண்டர்லாண்ட்’ என்ற பெரும் கேளிக்கைப் பூங்காவைப் புலம்பெயர்ந்த வாசகர்கள் அறிவார்கள். ஒக்டோபர் மாதமானால் அப்பூங்கா இரவில் பேய்களின் ஊராகிவிடும். புகை மூட்டம், இருண்ட வழிகள், முகமூடி அணிந்து மூலைகளில் ஒளிந்திருக்கும் மனிதர்கள். சிறுவயதில் தந்தையோடு போய்க் குதித்து விளையாடிய பூங்காவுக்கு, வளர்ந்த பின் ஒரு ஒக்டோபரில் சம்பளத்துக்குப் பேயாகப் போனவள் என் மருமகள். “பேய்க்கு முதல் சட்டம், ஆக்களைத் தொடக்கூடாது. சின்னப் பிள்ளை உண்மையாய்ப் பயந்து அழுதால் விலகிப் போயிட வேணும்” என்று தன் தொழில் நுட்பத்தை எனக்கு விளக்கினாள்.

ஹலோவீனின் பூர்வீகத்தை ஆராய்ந்தவர்கள், அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துக் கெல்டிய மக்களின் சாவின் என்ற அறுவடை முடிவு விழாவைச் சுட்டுவார்கள். கோடை முடிந்து குளிரிருள் தொடங்கும் அந்த இரவில் இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையிலுள்ள வேலி தளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. பின்னர் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் நாளாகவும், நவம்பர் 2 மரித்தோரின் நாளாகவும் ஆகவே, அதன் முன்னிரவான ஒக்டோபர் 31 ஹலோவீன் ஆயிற்று. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள் அமெரிக்காவுக்குப் போய்ப் பூசணிக்காயைக் குடைந்தார்கள். கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி ஃபார்ம் பூங்கா 1973இல் ஹலோவீன் இரவுகளை நடத்தி வெற்றி கண்டது. இன்று அமெரிக்கக் கண்டத்துப் பெரும் பூங்காக்கள் பலவற்றுக்கும் அது நல்ல வருமானம் தரும் பருவம்.

இது மேலைத்தேயத்துக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் இறந்தோர் வீடு திரும்பும் ஒபொன் விழா பெரும்பாலான இடங்களில் ஓகஸ்ட் நடுப்பகுதியில் வரும். அதனால் அங்கே பேய்க்கதைக்கும் பூங்காக்களின் பேய்வீட்டுக்கும் பருவம் கோடைகாலமே. நமது தென்னிலங்கையிலும் வெசாக் தோரணங்களுக்கும் தன்சல்களுக்கும் அருகில் இளைஞர்கள் ‘பேய் வீடு’ அமைத்துப் பிள்ளைகளை அலற வைப்பது பழகிய காட்சி. இறந்தவர்களை நினைக்கும் காலத்தை ஒட்டியே பயத்தோடு விளையாடவும் மனிதருக்குத் தோன்றுகிறது. மாமாங்கமும் அப்படிப்பட்ட ஓரிடம் என்று மருமகள் நினைத்ததில் தவறில்லை. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அதை நான் சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிராது.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும். எழுபதுகளின் பிற்பகுதியில் படுவான்கரையிலிருந்து மாமாங்கம் போவதென்பது ஒரு பிரயாணம். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றே சொல்வார்கள். பாதை வரும்வரை கரையில் காத்திருந்து, அக்கரை சேர்ந்து, ஆரையம்பதியில் பஸ் பிடித்து, காத்தான்குடி, நாவற்குடா, கல்லடி தாண்டி, 1924இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் மேல் பஸ் கடகடத்துப் போகும்போது எங்களுக்குத் திருவிழா தொடங்கிவிடும்.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் மச்சானுக்கும். மாமியின் மூத்த மகன். என்னிலும் இரண்டு வயது கூடியவன். ராட்டினத்துக்கு அப்போது ஐம்பது சதம். மாமி இருவருக்கும் ஒரு ரூபாயை அவன் கையிலேதான் கொடுப்பார். அவனுக்கு உயரம் பிடிக்கும். தொட்டில் உச்சிக்குப் போய் நிற்கும் கணத்தில் அவன் எழுந்து நிற்பான். நான் கண்ணை மூடிக்கொள்வேன். “வாவி தெரியுதுடா, கண்ணைத் திறந்து பாரு” என்பான்.

மரணக் கிணற்றை விளிம்பில் நின்று பார்த்தோம். பலகைகளால் ஆன வட்டச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி மேலேறி வரும்போது பலகை முழுவதும் அதிரும். வேகம் இருக்கும்வரை சுவர் அவனை உள்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், சில்லுக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு அவனை விழாமல் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் பிறகு பௌதிகப் பாடத்தில் படித்தது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: நின்றால் விழுவான்.

இன்னொரு கூடாரத்தில் ‘உடலில்லாப் பெண்’. மேசையின் மேல் ஒரு தலை மட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். மேசைக்குக் கீழே வெறுமை; பின்னாலுள்ள திரைதான் தெரியும். நான் நடுங்கிப்போய் வெளியே போவோம் என்று அழத் தொடங்கினேன். மச்சான் கையிலிருந்த கச்சான் கோதொன்றைக் குனிந்து மேசைக்குக் கீழே எறிந்தான். கோது உள்ளே போகாமல், ஒன்றுமே இல்லாத இடத்தில் ‘டிக்’ என்று மோதித் திரும்பி விழுந்தது. “கண்ணாடிடா. ஆள் பின்னால இரிக்கா” என்று என் காதில் சொன்னான். 1865இல் லண்டன் எகிப்தியன் மண்டபத்தில் ஸ்டோடேர் என்ற வித்தைக்காரர் காட்டிப் புகழ்பெற்ற வித்தையின் வழிவந்தது அது என்று பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலில் படித்தேன். மேசைக் கால்களுக்கிடையே சாய்வாக நிறுத்திய இரண்டு கண்ணாடிகள் பக்கத்துத் திரையைப் பிரதிபலிக்கும். பார்ப்பவர் அதைப் பின்திரை என்று நினைத்துக்கொள்வார். உடல் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். பத்து வயதில் ஒரு கச்சான் கோதைக் கொண்டு அதைக் கண்டுபிடித்தவன் என் மச்சான்.

அக்காலத்திலும் குளத்தில் துயரம் இருந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியில் மட்டக்களப்பே சிதைந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஆடி அமாவாசையில் குளத்தில் நின்று அழுதவர்கள் அதிகம் என்று அம்மா சொல்வார். ஆயினும் அழுது முடித்தவர்கள் கரையேறிப் பிள்ளைகளுக்குத் தும்பு முட்டாஸ் வாங்கிக் கொடுத்தார்கள். புயலில் போனவர் போனவரே, அதில் ஐயமில்லை. குளத்தில் அவருக்கு ஒரு முழுக்கு, கரையில் பிள்ளைக்கு ஒரு சுற்று. இரண்டும் ஒரே நாளில் ஒத்துப்போயின.

பிறகு காலம் மாறிற்று. ‘ஆடி’ என்ற சொல்லே 1983க்குப் பின் ஈழத்தமிழர் வாயில் கலவரம் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 1987 ஜனவரி 28இல் எங்கள் பகுதி இறால் பண்ணையிலும் சுற்றயலிலும் நடந்த படுகொலை. 1991 ஜூன் 12இல் மீண்டும் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு படுகொலை. அமைதிப் படையிடம் போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கோரி அன்னை பூபதி 1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தது, நாங்கள் கச்சான் கொறித்துத் திரிந்த அதே மாமாங்க ஆலயச் சூழலிலேதான். 1990 இவை எல்லாவற்றிலும் கொடிய ஆண்டு. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழர் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவே இல்லை. செப்டெம்பர் 9இல் நகரையொட்டிய சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர்.

அந்த ஆண்டின் ஒரு காலை வேளையில், சந்தைக்கு என்று சைக்கிளில் புறப்பட்ட என் மச்சானும் வீடு திரும்பவில்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொண்டு போனவர் யார், எங்கே, ஏன் என்பதற்கு இன்றுவரை ஒரு சொல் பதிலும் கிடைக்கவில்லை. சைக்கிள்கூடக் கிடைக்கவில்லை.

2024இல் ஆடி அமாவாசை ஓகஸ்ட் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் மாலை மருமகளையும் மாமியையும் அழைத்துக்கொண்டு ஊரிலிருந்து வாகனத்தில் புறப்பட்டேன். மண்முனையில் பாதைக்குக் காத்திருக்கும் தேவை இப்போது இல்லை. 2014இல் பாலம் வந்துவிட்டது. கல்லடியிலும் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டு, பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் ஓய்வாக நிற்கிறது. காத்தான்குடியைக் கடக்கும்போது அன்று ஓகஸ்ட் 3 என்பது நினைவுக்கு வந்தது. அவ்வூர் மக்களுக்கு அது சுஹதாக்கள் தினம். ஒரே நெடுஞ்சாலையில், அடுத்தடுத்த இரு நாட்களில், இரு சமூகங்களும் தத்தம் மரித்தோரை நினைத்துக்கொண்டிருந்தன. அன்றிரவு நகரில் உறவினர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் அதிகாலை மாமாங்கம். குளத்துப் படிகளில் தலைகள் மட்டுமே தெரிந்தன. மாமி, 2003இல் நோயில் இறந்த தன் கணவருக்காக மூழ்கினார். தன் தந்தைக்காகவும் மூழ்கினார். ஐயரிடம் பெயர் சொல்லும்போதும் அந்த இரண்டு பெயர்களே. பிறகு கரையேறித் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். குடும்பக் கதை அவளுக்குத் தெரியும். மெதுவாக, “பெத்தா, பெரிய மாமாவுக்கு?” என்று கேட்டுவிட்டாள். பாட்டி முறையானவரைப் பெத்தா என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மாமி கோபிக்கவில்லை. “அவனுக்கு எப்பிடி மனே எள்ளுத் தண்ணி இறைக்கிற? எள்ளுத் தண்ணி இறைச்சா நானே அவனைச் சாகக் கொடுத்த மாதிரியெல்லுவா” என்றார்.

வாசகர்கள் இந்த இடத்தில் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை உண்டு. உடல் கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. 2004 டிசம்பர் 26இல் சுனாமி நாவலடியிலும் கல்லடியிலும் டச்பாரிலும் அள்ளிச் சென்றவர்களில் எத்தனையோ பேரின் உடல் கரை சேரவில்லை. ஆனால் கடல் கொண்டது என்பது எல்லோர் கண்முன்னும் நடந்தது. அவர்களுக்காக உறவினர் இக்குளத்தில் இறங்குகிறார்கள். தொலைந்து போனவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்பார்த்த பின் தர்ப்பையால் உருவம் செய்து அதற்குக் கிரியை செய்யலாம் என்று சாத்திரமும் வழி சொல்கிறது. அரசாங்கமும் தன் பங்குக்கு 2016இல் சட்டமியற்றி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று உறுதி செய்யும் சான்றிதழைப் பெற வழி செய்தது. அதே ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனோர் பற்றிய அலுவலகமும் அமைந்தது. 1990 முதல் காணாமற்போனவர்கள் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவிடம் பதிவானோர் 16,000க்கும் அதிகம். அவர்களில் 5,000க்கு மேற்பட்டோர் படையினர். ஆகவே மாத்தறையிலும் குருநாகலிலும்கூட மாமியைப் போலத் தாய்மார் இருக்கக் கூடும்.

சாத்திரத்தின் பன்னிரண்டு ஆண்டு மாமிக்கு 2002இலேயே முடிந்துவிட்டது. ஆனால் தாயின் கணக்கு வேறு. காகத்துக்கு வைக்கும் சோற்றில் மகனின் பெயரைச் சொல்ல அவரால் இயலாது. சொன்னால் அவர் முடிவு செய்துவிட்டார் என்றாகும். ஆளைக் கொண்டு போனவர்கள் சொல்ல வேண்டிய பதிலை அவர் ஏன் சொல்ல வேண்டும்? முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவர் அந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறார். அதை மூடநம்பிக்கை என்றோ, மனம் தேறாமை என்றோ என்னால் எழுத முடியாது. ஒரு படிவத்திலும் இடம்பெறாத சாட்சியம் அது.

குளத்திலிருந்து வெளியே வந்ததும், வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். “கொஞ்சம் பொறு மனே, வேலை ஒண்டு இரிக்கு” என்று சொல்லி, மாமி நேரே ராட்டினங்களின் பக்கம் நடந்தார்.

காலை வெயில் ஏறியிருந்தது. ராட்டினக்காரன் தென்பகுதி இளைஞன். கொச்சைத் தமிழில் கூவிக்கொண்டிருந்தான். மாமியைக் கண்டதும் “வாங்க அம்மே” என்று கைகூப்பினான். முன்பே பழக்கம் என்று தெரிந்தது. மாமி முந்தானை முடிச்சை அவிழ்த்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் ஐஸ்பழத்தைச் சூப்பிக்கொண்டு, மேலே போகும் தொட்டில்களை அண்ணாந்து பார்த்தபடி தாயின் கையைப் பிடித்து நின்றான். மாமி அந்தத் தாயிடம் போய் ஏதோ பேசினார். அந்தப் பெண் முதலில் தயங்கி, பின் தலையசைத்தாள். பையன் ஐஸ்பழத்தைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

ராட்டினம் சுற்றத் தொடங்கியது. மாமி நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அந்த ஒரு தொட்டிலை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தார்.

“ஒவ்வொரு வரியமும் இப்பிடித்தானா மாமி?” என்று கேட்டேன்.

“ராட்டினம் திரும்பி வந்த வரியத்தில இருந்து.”

“ஆருக்காக?”

“என்ர மகனுக்குத்தான். வேறென்ன?” நான் கேட்டதே விசித்திரம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். “செத்தவங்களுக்குக் குளத்தில முழுகியாச்சு. இவனுக்கு எதுக்குக் குளம்? இவன் விளையாடின இடம் இதுதானே.”

தொட்டில் உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பையன் எழுந்து நிற்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற தாயைத் தேடினான். கண்டுகொண்டதும் கை காட்டினான். அந்தத் தாயோடு சேர்ந்து மாமியும் கை காட்டினார்.

மருமகள் அதுவரை ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில்தான் பேசினாள். “நாங்கள் பேயாய் நிக்கிற இடத்தில எல்லாத்துக்கும் வெளியே போற கதவு இருக்கும் மாமா. பயந்தவை அந்தக் கதவால போயிடலாம். வெளியில லைட் எரியும், ஆரும் சாகேல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அதற்குமேல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

பயத்தோடு விளையாட முடிவது ஒரு கொடுப்பினை. விளையாட்டு முடியும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் பத்திரமாக இருக்கிறாள் என்று காதில் சொல்ல ஒரு மச்சான் இருக்க வேண்டும். எங்கள் மண்ணில் பல ஆண்டுகள் அந்தக் கதவு இல்லாதிருந்தது. ஆட்கள் மறைந்தார்கள், திரைக்குப் பின்னால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. இன்று அமிர்தகழியில் ஒரு சிறுவன் மரணக் கிணற்றைப் பார்த்து அலறிவிட்டு உடனே சிரிக்கிறான் என்றால், அவன் ஒரு நல்ல காலத்தில் பிறந்திருக்கிறான் என்பதே பொருள். அந்தச் சிரிப்பு குளத்தில் நிற்பவர்களின் துயரத்தைக் குறைத்துவிடவில்லை. அவர்களில் பலர் அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் கரையேறி இப்பக்கம் வருகிறார்கள்.

ஒலிபெருக்கிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் எழுதுபவர்கள் எழுதட்டும்; மந்திரம் காதில் விழ வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. கோயில் வாசலுக்கு மிக அருகில் ராட்டினம் வேண்டாம் என்றால் அதுவும் நியாயமே. ஆனால் ராட்டினமே வேண்டாம் என்று எழுதுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். மாமாங்கத்துக்கு வருபவர் அனைவரும் இறந்தவர்களுக்காக மட்டும் வருவதில்லை. இறந்தார் என்று எவரும் சொல்லாதவர்களுக்காகவும் சிலர் வருகிறார்கள். அவர்களுக்குக் குளத்தில் இடமில்லை. வீட்டுச் சுவரில் மாலையிட்ட படத்துக்கும் இடமில்லை. ராட்டினத்தில் ஒரு தொட்டில்தான் இருக்கிறது.

மாமிக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. அடுத்த ஆடிக்குத் தன்னால் வர முடியாது போனால் யார் அந்த டிக்கெட்டை எடுப்பது என்ற பேச்சு வீட்டில் வந்தது. மருமகள் கனடாவுக்குப் புறப்படும் நாளில் மாமியின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், மாமி தலையசைத்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்டுதோறும் ஆடியில் அவள் எனக்கு இருநூறு ரூபாய் அனுப்பப் போகிறாளாம். வங்கிக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு வரும் என்று சொல்லிப் பார்த்தேன். பரவாயில்லை என்றாள்.